வடிகாது எப்போது கிழவிக் காது ஆனது?

திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், நாசரேத் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்கள் பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்திருப்பார்கள். காது மடல் நீண்டு தோளைத் தொடும். அதில் உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாகத் தங்கம் ஆடும். வாயில் வெற்றிலை, இடுப்பில் சுருக்குப் பை. இன்று அந்தப் பாட்டிகள் மிகவும் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களும் எண்பது, தொண்ணூறைத் தாண்டியவர்கள். சினிமாவில் ஒரு நடிகையைக் கிராமத்துக் கிழவி ஆக்க வேண்டுமென்றால் முதலில் ஒட்டுவது இந்தக் காதைத்தான். 2023-ல் 'தண்டட்டி' என்று ஒரு படமே வந்தது. (தண்டட்டி மதுரை, தேனிப் பக்கத்து நகை. பாம்படம் நெல்லைச் சீமை நகை. இரண்டும் அக்கா தங்கை மாதிரி.)

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு விசித்திரம் இருப்பது தெரியும். இந்தக் காது கிழவிகளுக்காக உண்டானதே இல்லை! கைக்குழந்தையில் ஆரம்பித்து, கல்யாணப் பெண்ணுக்காகத் தயார் செய்த காது அது. அன்றைய கணக்கில் அதுதான் இளமை, அதுதான் அழகு, அதுதான் நல்ல குடும்பத்துப் பெண் என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்ட காது எப்போது 'கிழவிக் காது' ஆனது? ஏறக்குறைய ஒரே தலைமுறையில். அந்தத் தலைமுறையில் நாற்பது வயதை எட்டியிருந்த பெண்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கதைக்குப் போகும் முன் அந்தக் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது சாதாரணக் கடற்கரை இல்லை. உலகத்துக்கே அலங்காரச் சாமான் அனுப்பிய கரை.

ஊரை அலங்கரித்த கரை

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல் வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக் குளிப்பதையும், தண்டனை பெற்ற கைதிகளை அந்த வேலையில் இறக்கியதையும் சொல்கிறது. இந்தியாவில் இருந்து போன முத்துக்கள் ரோமாபுரிப் பெண்களின் காதில் தொங்கின. ஒரு காதில் இரண்டு மூன்று முத்துக்களைச் சேர்த்துத் தொங்கவிட்டு, அவை ஒன்றோடொன்று உரசும் சத்தத்தை ரசிப்பார்களாம். அந்த நகைக்கு ஒருவிதத் தாளக்கருவியின் பெயரையே வைத்திருந்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். லோலியா பாலினா என்ற சீமாட்டி சாதாரண ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தானே பார்த்ததாகவும் அவர் சொல்கிறார். அதே காலத்துத் தத்துவ ஞானி செனெகாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பாரம் சுமக்கக் காதுகளைப் பழக்கிவிட்டார்கள், ஒவ்வொரு காதிலும் இரண்டு மூன்று குடும்பச் சொத்து தொங்குகிறது என்கிற அர்த்தத்தில் புலம்பியிருக்கிறார். ரோமில் அவர் கோபத்தில் சொன்ன அந்தக் 'காதைப் பழக்குவது', முத்து போன கரையில் பின்னாளில் ஒரு கலையாகவே இருந்தது.

1292 வாக்கில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இன்னொரு சுவையான சேதி சொல்கிறார். இங்கே துணி வெட்டித் தைக்கத் தையல்காரரே கிடையாதாம். யாரும் தைத்த உடை போடுவதில்லை, அதனால் தேவையும் இல்லை. ராஜாவே இடுப்பில் ஒரு துணியோடுதான் இருந்தார். ஆனால் கழுத்தில் ரத்தினங்கள் பதித்த ஆரம், அதோடு 104 முத்தும் மாணிக்கமும் கோத்த ஒரு ஜபமாலை, கையிலும் காலிலும் பொன். உடை குறைவு, நகை அதிகம். வெயிலும் வியர்வையும் உள்ள ஊருக்கு இது நல்ல ஏற்பாடுதான். தைத்த உடைக்கு இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. தைத்த சட்டையின் கழுத்து, கை, நீளம் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். பழைய தையலைப் போட்டிருப்பவர் பழைய ஆளாகத் தெரிவார். தைக்காத துணிக்கு அந்த வம்பு குறைவு. ராஜா இருபதிலும் அதே துணிதான், அறுபதிலும் அதே துணிதான்.

தையல் பிறகு வந்தது. 1535 முதல் 1537 வரை பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும் வரை தூத்துக்குடி போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அவர்கள் விட்டுப் போனது பெர்னாண்டோ, மோத்தா, கோமஸ், மச்சாடோ என்ற பெயர்களை மட்டும் இல்லை. பொத்தான், சப்பாத்து, லேஞ்சி, இஸ்திரி எல்லாம் போர்ச்சுகீசிய வார்த்தைகள்தான். உடுப்பைப் பற்றிய சொற்களில் இத்தனை கப்பலில் வந்தவை!

முத்து ரோமுக்குப் போனது போலவே சங்கு வங்காளத்துக்குப் போனது. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு மன்னார் வளைகுடாச் சங்கு மிக முக்கியமான சரக்கு. தூத்துக்குடியில் குளித்து எடுத்த சங்கை டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுத்து வளையல் ஆக்கினார்கள். சங்கு எடுத்த ஊரில் பெண்கள் அந்த வளையலைப் போடும் வழக்கம் இல்லை. கொஞ்சம் தெற்கே இடையன்குடியில் 1844-ல் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடுப்புக்குத்தான் போனது.

முத்தும் சங்கும் லேஸும் வெளியே போயின. இந்தச் சீமைப் பெண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நாகரிகம் காதில் இருந்தது.

காது வடித்தல்

பெண் குழந்தைக்குக் காது குத்தியதும் வேலை ஆரம்பித்துவிடும். துளையில் முதலில் பஞ்சுத் திரி. கொஞ்சம் பெரிதானதும் பனை ஓலைச் சுருள். இது நல்ல யோசனை. சுருட்டி வைத்த ஓலை விரியப் பார்க்கும், விரியும்போது துளையும் மெல்ல விரியும். பனைக்குப் பஞ்சமில்லாத ஊர், அதனால் செலவும் இல்லை. துளை போதிய அளவு ஆனதும் குணுக்கு என்ற ஈய வளையங்களை மாட்டுவார்கள். ஈயத்தின் பாரம் மடலைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். புண்ணாகும், சீழ் வைக்கும், எண்ணெய் போட்டு ஆற்றி மறுபடி மாட்டுவார்கள். சில வருடங்களில் மடல் ஒரு நீண்ட வளையமாகத் தோளை நோக்கி இறங்கிவிடும். பழைய இலக்கியத்தில் பெண்ணின் காதுக்கு வள்ளைக் கொடித் தண்டை உவமையாகச் சொல்வார்கள். கோயில் சிலைகளின் காதைப் பார்த்தாலும் இந்த ரசனை எவ்வளவு பழையது என்று தெரியும்.

இப்படித் தயாரான காதில்தான் பாம்படம் ஏறும். கெட்டித் தங்கம் இல்லை அது. தங்கத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு நிரப்பியது. அதனால்தான் அவ்வளவு பெரிதாக இருந்தும் காது தாங்கியது. கூடவே தண்டட்டி, முடிச்சு, கொப்பு என்று சாதிக்கும் வசதிக்கும் தக்கபடி வேறு நகைகளும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நம் ஊரில் நடுவயதுப் பெண்ணின் அலங்காரத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது (இப்போதும் முழுக்கப் போய்விடவில்லை). பெண் சமைந்துவிட்டால் தாய் தன் பூவைக் குறைக்க வேண்டும். மருமகள் வந்துவிட்டால் சேலையின் நிறத்தைக் குறைக்க வேண்டும். மீறினால், "தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளைய வச்சுக்கிட்டு இவளுக்கு என்ன சிங்காரம்?" என்று தெருவே கேட்கும். இந்தச் சட்டத்தில் இருந்து தப்பித்த ஒரே நகை பாம்படம். இருபதிலும் போடலாம், ஐம்பதிலும் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைச் சேலை கட்டிய பிறகும் பாம்படத்தோடு இருக்கும் பாட்டிகளைப் பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். சொல்லப்போனால் நடுவயதில்தான் அது நன்றாகப் பொருந்தியது. மார்க்கோ போலோ பார்த்த ராஜாவின் துணி மாதிரி, வயதோடு சண்டை போடாத அலங்காரம்.

அந்த நிம்மதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டம் காண ஆரம்பித்தது. முதலில் எதிர்த்தவர்கள் மிஷனரிகள். உடம்பைச் சிதைக்கும் வழக்கம் என்பது அவர்கள் கட்சி. மிஷன் ஊர்களில் பெண் குழந்தைகளுக்குக் காது வடிக்கக் கூடாது என்று சொன்னார்கள், ஏற்கெனவே வடித்த காதைக் குறுக்கித் தைக்கவும் உதவினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட நூலில் இந்த நீண்ட காதுகளை, உடம்பைச் சிதைக்கும் வழக்கங்கள் என்ற தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறார். ஒரு சீழ்ப் பிடித்த குழந்தைக் காதைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் அதே காலத்தில் அவர்கள் ஊர்ப் பெண்கள் மூச்சு முட்டும் அளவுக்கு இடுப்பை இறுக்கிக் கார்செட் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் :-)

ரவிக்கை வந்ததும் இதே காலம்தான். பக்கத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல ஆண்டுகள் போராடி, அடியும் உதையும் வாங்கி, கடைசியில் 1859 ஜூலை 26-ல் மகாராஜாவின் அறிவிப்பைப் பெற்றார்கள். அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக ரவிக்கை இந்தப் பக்கத்தில் வெறும் ஃபேஷன் இல்லை, மரியாதை. இருபதாம் நூற்றாண்டில் தையல் மெஷினும் பெண்கள் பள்ளியும் வந்தபோது இளம் பெண்கள் எல்லோரும் ரவிக்கைக்கு மாறினார்கள். வயதானவர்கள் பலர் மாறவில்லை. ரவிக்கை இல்லாத தோள், வடித்த காது, வெற்றிலை, இந்த மூன்றும் சேர்ந்த உருவத்துக்குத்தான் 'கிழவி' என்று பெயர் வந்தது.

ஆண்களும் மாறினார்கள், ஆனால் அவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. குடுமியை எடுத்துக் கிராப் வைக்க ஒரு மணி நேரம் போதும். கடுக்கனைக் கழற்றினால் துளை தானே தூர்ந்துவிடும். (சவரக் கடை என்றதும் தூத்துக்குடிக்காரர்களுக்கு 1908 கோரல் மில் வேலைநிறுத்தம் ஞாபகம் வரும். தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போன கதை அங்கே மிகப் பிரபலம்.) நாற்பது வயது ஆண் ஒரே நாளில் பழைய காலத்தில் இருந்து புதிய காலத்துக்கு வந்துவிடலாம். அவர் மனைவியால் அப்படி வர முடியாது. அவளுடைய பழைய காலம் சதையில் இருந்தது.

நாற்பது வயதில்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1912 வாக்கில் பிறந்த ஒரு பெண். கைக்குழந்தையாக இருக்கும்போதே காது வடித்தாகிவிட்டது, யாரும் அவளைக் கேட்கவில்லை. 1928 வாக்கில் பாம்படத்தோடு கல்யாணம். 1930-களில் ஒரு மகள். அந்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள், அங்கே காது வடித்த பிள்ளையைக் கேலி செய்வார்கள். மகளுக்குக் காது குத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள், சின்னக் கம்மல்தான். 1948-ல் தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி தொடங்கி, பெண்கள் உள்ளூரிலேயே பட்டம் வரை படிக்க வழி வந்துவிட்டது. 1950-களின் நடுவில் மகளுக்குக் கல்யாணம். தாய்க்கு வயது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் நண்பர்கள், போட்டோ பிடிப்பவர் எல்லோரும் அவளைப் பாட்டி என்று நினைக்கிறார்கள்.

அவள் முகத்தில் சுருக்கம் இல்லை, முடி நரைக்கவில்லை. காதைப் பார்த்துத்தான் அவள் வயதை முடிவு செய்தார்கள்.

இந்தப் பெண்ணுக்கு மூன்று வழி இருந்தது. முதலாவது, பாம்படத்தை அப்படியே வைத்துக்கொள்வது. பெரும்பாலோர் செய்தது இதைத்தான். அதில் ஒரு கம்பீரமும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. பாம்படத்துக்காகக் காதை அறுத்துக்கொண்டு ஓடும் திருடர்களின் கதை இல்லாத ஊர் தென்மாவட்டத்தில் கிடையாது. ரயிலில் தூங்கப் பயம், சந்தையில் கூட்டத்தில் நிற்கப் பயம்.

இரண்டாவது, பாம்படத்தைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து, அழித்து, மகளுக்குச் சங்கிலியும் கம்மலும் செய்வது. மகள் கல்யாணத்துக்குத் தங்கம் தேவை என்றால் வீட்டில் கையை வைக்க முதலில் அகப்படுவது தாயின் பாம்படம்தான். 1963 ஜனவரியில் மத்திய அரசு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டுப் பொற்கொல்லர்கள் வயிற்றில் அடித்தது தனிக் கதை. பாம்படம் போன பிறகு மிஞ்சுவது வெறும் காது. தங்கம் ஆடும்போது அழகாக இருந்த அந்த வளையம், தங்கம் இல்லாமல் இரண்டு கயிறு மாதிரித் தொங்கும். மூன்று வழிகளிலும் மோசம் இதுதான். கிழவி போலவும் தெரியும், ஏழை போலவும் தெரியும்.

மூன்றாவது வழி கத்தி. தொங்கும் மடலை அறுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து, சின்னக் காது ஆக்கிக்கொள்வது. ஆறிய பிறகு தையல் தழும்பில் படாமல் வேறு இடத்தில் புதிதாகக் குத்திக் கம்மல் போட வேண்டும். இது பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனால் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஒருத்தி, அழகுக்காக உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிப்பது அந்த நாளில் பெரிய விஷயம். தெரு கேட்டது. "இந்த வயசுல காத அறுத்துட்டு கம்மல் போட்டு யாருக்குக் காட்டப் போறா?" என்று கேட்டது. மகன் சென்னையிலோ பம்பாயிலோ வேலை பார்க்கிறான், அங்கே போனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். திருடன் பயம் என்றார்கள். மகள் ஆசைப்பட்டாள் என்றார்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். 'எனக்கே வேண்டும்' என்று சொல்வதற்கு மட்டும் இடம் இல்லாமல் இருந்தது. குழந்தையில் காது வடித்தபோது கேட்காத ஊர், நாற்பதில் அவளாக முடிவு செய்தபோது மட்டும் விசாரணை வைத்தது.

கத்தி வைத்தவர்களை இன்று 'நாகரிக மோகம்' என்று சொல்வது சுலபம். பாம்படம் அழிந்துவிட்டதே என்று அழகான கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் கீழே எழுதுவதும் சுலபம். அந்தப் பெண்கள் அருங்காட்சியகப் பொருளாக இருக்க விரும்பவில்லை. கொழும்பில் இருந்து வரும் நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு, சின்னக் கம்மல் போட்டு, மகளோடு மாட்டினி ஷோ பார்க்கப் போக விரும்பினார்கள். அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதே மாதிரி கடைசி வரை கழற்றாமல் இருந்தவர்களும் பட்டிக்காடு இல்லை. இருபது வயதில் தனக்கு அழகு என்று தெரிந்ததை அறுபதிலும் அழகு என்று நம்பியவர்கள் அவர்கள்.

வேடிக்கை என்னவென்றால் காது விரிப்பது மறுபடி வந்துவிட்டது. 1990-களில் இருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளைஞர்கள் காதுத் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி வளையம் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது சென்னை, பெங்களூரிலும் பார்க்கலாம். சில வருடம் கழித்து வேலைக்காகவோ அலுத்துப் போயோ டாக்டரிடம் போய் அறுத்துத் தைத்துக்கொள்பவர்களும் உண்டு. நாசரேத் பாட்டிகளுக்கு நடந்த அதே வைத்தியம்.

முத்துக் கதையும் ஏறக்குறைய அதே காலத்தில் முடிந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் அங்குள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள், ஆனால் பழையபடி படகுகள் முத்துக்காகப் பாய் விரிக்கவில்லை. பாம்படத்துக்கு வெளிநாட்டில் மதிப்புக் கூடியது. அதன் உருண்டை சதுர வடிவங்களை நவீன சிற்பம் மாதிரி இருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் வாங்கினார்கள். இந்திய நகைகளைப் பற்றி ஒப்பி அன்ட்ராக்ட் 1997-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்திலும் பாம்படத்துக்கு இடம் இருக்கிறது.

உள்ளூரில் பாட்டி இறந்த பிறகு பிள்ளைகள் அதை நகைக்கடைக்குத்தான் கொண்டு போகிறார்கள். கடைக்காரர் முதலில் அப்படியே தராசில் வைப்பார். பிறகு தகட்டை வெட்டி, நெருப்பில் காட்டி அரக்கை உருக்கி எடுத்துவிட்டு மறுபடி எடை போடுவார். இரண்டாவது எடையைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுருங்கும். ஜாடிக்குள் அடைத்த மாதிரி அவ்வளவு அரக்கு உள்ளே இருந்திருக்கும்.